பாலை ‘வெள்ளை’ என்றவளுக்கு

என் தலைப்பிள்ளை, கோபக்காரி ஈஸ்வரிக்கு, ஆத்தா எழுதுவது.

நீ நலமா என்று கேட்க மாட்டேன். செத்தவர்களிடம் நலம் விசாரிப்பது இப்போது கம்பத்தில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. அந்த அசிங்கத்தை நானும் செய்ய வேண்டாம்.

உன் வீட்டுக்காரர் வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிப்பாரே, இந்த வருஷமும் அடித்தார். உன் போட்டோவுக்குக் கீழே, ‘ஆவியுலகில் ஒளி பெற்று நாளுக்கு நாள் முன்னேறி வரும்’ என்று போட்டிருந்தார். முன்னேறி வருகிறாயாம். உயிரோடு இருந்தபோது உன்னைத் தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் முன்னேற்ற முடியாத மனுஷர், செத்த பிறகு ஒளியில் முன்னேற்றுகிறார்.

அதனால்தான் நானும் பெரியகுளத்தில் ஓர் அச்சாபீசுக்குப் போனேன். அவர் நோட்டீசுக்கு இது என் நோட்டீஸ். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழையை உன் மகள் மலர்க்கொடி திருத்தினாள். பேச்சு முழுக்க என்னுடையது. அவர் நோட்டீசைப் படித்தவர்கள் எல்லாரும் இதையும் படிக்கட்டும்.

சபாபதி என்று ஒருத்தர் மதுரையிலிருந்து வந்து கம்பத்தில் குடியிருக்கிறார். ஏதோ ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். தன்னை மீடியம் என்கிறார். செத்தவர்களின் ஆவி அவர் உடம்பில் இறங்கி, அவர் வாயால் பேசுமாம். குறி சொல்லும் நம் ஊர்க் கோடாங்கி செய்யாததா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. கோடாங்கி செய்வது மூடநம்பிக்கை, இது விஞ்ஞானம் என்கிறார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். கோடாங்கி உடுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வருவான். இவரை ஜீப் வைத்து அழைத்து வந்து நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்ற வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் திராட்சை அடுக்கும் கொட்டகை இருக்கிறதே, அதைத்தான் உன் வீட்டுக்காரர் இவருக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டி, ஊதுபத்தி கொளுத்தி, வட்டமாக உட்கார்கிறார்கள். சுவரில் அவர்கள் கொள்கைகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். உயிர் அழிவதில்லை. போனவர்கள் நம்மோடு பேசுவார்கள். அங்கே போன பிறகும் ஒவ்வொருவரும் மேலும் மேலும் நல்லவராகிக்கொண்டே போவார்கள். இப்படி இன்னும் சில.

சாவு என்பது ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதுதானாம், சபாபதி சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். நீ அடுத்த அறையில் இருந்தால் இத்தனை வருஷமாக ஒரு சத்தம் கேட்காமலா இருக்கும்? நீ இருந்த அறையில் பாத்திரம் உருளாத நாள் என்று ஒன்று உண்டா?

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு வடுகபட்டியிலேயே இருந்திருப்பேன். மலர்க்கொடி விஷயம்தான் என்னைப் பஸ் ஏற வைத்தது.

உன் மகள் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டாள். பெரியகுளத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடமும் கிடைத்தது. என் வீட்டிலிருந்தே போய் வரலாம். அந்த நேரம் பார்த்து நீ சபாபதி வாயில் இறங்கி, படிப்பு போதும், என் நாத்தனார் மகனுக்கே மலரைக் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாயாம். கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறானே, அவனுக்கு. பிள்ளையும் சரி என்று தலையாட்டிவிட்டது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கடிதம் எழுதியிருந்தாள்.

நீயா? உன் நாத்தனார் வீட்டிலா? உன் வளைகாப்புக்கு அழுகின வாழைப்பழத்தைத் தட்டில் அடுக்கி, மேலே நல்லதாக நாலு வைத்து மூடிக்கொண்டு வந்தாளே, அவள் வீட்டுக்கா உன் மகளை அனுப்பச் சொன்னாய்? சாகும்வரை நீ அந்தத் தட்டை மறக்கவில்லை. நான் இன்னும் மறக்கவில்லை.

போனேன். உன் நாத்தனார் கொட்டகை வாசலிலேயே நின்றாள். “வாங்கத்தே. ஈஸ்வரி மதினி வாராக, கேட்டுட்டுப் போங்க” என்றாள், நீ ஏதோ சின்னமனூர்ச் சந்தைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி.

“அவ என்னையத் தேடி வந்தா வடுகபட்டிக்கு வருவா. இங்கன எதுக்கு வாரா?” என்றேன்.

“நீங்க அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கீகளே, அது மட்டும் என்னவாம்?”

“வைக்கிறேன். காக்கா தின்னுட்டுப் பறந்து போயிரும்த்தா. யாரை யாருக்குக் கட்டணும்னு எந்தக் காக்காயும் இதுவரைக்கும் என்கிட்டச் சொன்னதில்ல.”

உள்ளே உட்கார்ந்தோம். சபாபதி கண்ணை மூடினார். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் பொம்பளைக் குரல் ஒன்று அவர் மீசைக்குக் கீழே இருந்து வந்தது. சொன்னால் நம்ப மாட்டாய். பொய் என்று தெரிந்து போனவள்தான். இருந்தாலும், ஒரு வேளை, ஒரே ஒரு வேளை என்று இந்த உடம்பு முன்னால் சாய்ந்தது. அப்படிச் சாய வைத்ததற்காக அந்த ஆளை நான் கடைசிவரை விட மாட்டேன்.

“பால்சாமி, நான் இங்கே சுகமாக இருக்கிறேன். எங்கும் ஒளி. எனக்கு ஒரு குறையும் இல்லை” என்றது குரல். ரேடியோ நாடகத்தில் பேசுகிறவள் மாதிரி.

பால்சாமி!

ரேஷன் ஆபீசில் புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது வரிசையே திரும்பிப் பார்க்க வாயை இறுக்கிக்கொண்டு நின்றவள் நீ. இடுப்பிலிருந்த மலரைக் கிள்ளி, “அப்பா பேரைச் சொல்லுடீ” என்றவள். அவர் பெயரில் வருகிறது என்று பாலைக்கூடப் பால் என்று சொல்ல மாட்டாய். வெள்ளை என்பாய். “ஆத்தா, வெள்ளை பொங்குது, இறக்கு” என்று கத்துவாயே. காய்ச்சல் முற்றிப் பிதற்றும்போதுகூட ‘அவுக எங்க, அவுக எங்க’ என்றுதானே கேட்டாய்?

குரல் பேசிக்கொண்டே போனது. “என் சாவுக்கு யாரும் காரணமில்லை. என் காலம் முடிந்தது, வந்துவிட்டேன்.” உன் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம்தான் கல்யாணப் பேச்சு வந்தது.

ஓ, ‘யாரும் காரணமில்லை’ என்ற அந்த வார்த்தைக்குத்தானா இத்தனையும் என்று புரிந்தது எனக்கு. மஞ்சக்காமாலை கண்ணுக்கு ஏறிவிட்டது, தேனிக்குக் கொண்டு போங்கள் என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னபோது இவர் சொன்ன பதில் என்ன? “லோடு ஏறட்டும் அத்தை.” பந்தலில் பழம் கனிந்து நின்றது, லாரி வந்து நின்றது. லோடு ஏறியது. நீயும் போய்ச் சேர்ந்தாய். அந்த ஒரு வார்த்தையை அழிக்க உன் வாயிலிருந்தே ஒரு வார்த்தை வேண்டியிருந்திருக்கிறது அவருக்கு. அதற்காக வாடகைக்கு ஒரு வாய் பிடித்திருக்கிறார்.

நான் எழுந்து ஜன்னல் சாக்கைப் பிடித்து இழுத்தேன். வெயில் உள்ளே விழுந்தது. சபாபதி கண் கூச, பழைய ஆண் குரலுக்குத் திரும்பினார்.

“இவ என் மக இல்ல. என் மக புருஷன் பேரச் சொல்ல மாட்டா” என்றேன்.

அந்த ஆள் அசரவில்லை. “அம்மா, அங்க போனவங்களுக்கு இந்தப் பழக்கவழக்கம் எல்லாம் கிடையாது. புருஷன், பெண்டாட்டின்னு எந்தக் கட்டும் கிடையாது. எல்லாரும் வெறும் ஆன்மா. உங்க மக ரொம்ப முன்னேறிட்டாங்க.”

பார்த்தாயா? எதைப் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு போகிற கொள்கை. நீ கோபப்படவில்லை என்றால் முன்னேற்றம். பெயரைச் சொன்னால் முன்னேற்றம். நாளைக்கு நீ மலையாளத்தில் பேசினாலும் முன்னேற்றம்தான்.

“அப்பச் சரி. கட்டே இல்லாத ஊர்ல இருக்கவ, இங்கன வந்து கல்யாணம் கட்டச் சொல்லி எதுக்குப் பேசுறா?” என்றேன்.

“அத்தைக்கு எப்பவும் குதர்க்கம்தான்” என்றாள் உன் நாத்தனார்.

வட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மகள் அப்போதுதான் கேட்டாள். “சார், அப்ப அம்மாவுக்கு நான் மகளும் இல்லையா?”

சபாபதி சொன்னார்: “அன்பு இருக்கும்மா. உறவுதான் இருக்காது.”

பிள்ளை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். “அப்பா, நான் அம்மாச்சி கூடப் போறேன். டிரெயினிங் சேரப் போறேன்” என்றாள். நான் செய்த வாதம் ஒன்றும் அவளை எழுப்பவில்லை, ஈஸ்வரி. அந்த ஆளின் கொள்கையே எழுப்பிவிட்டது.

கிளம்பும்போது சுவரில் இருந்த கொள்கையில் ஒன்றை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். ‘அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு.’ மற்றதெல்லாம் குப்பை, இது ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். “மாப்பிள்ளை, மூணாங் கிளாஸ் படிச்ச எனக்கே புரியுது. உங்க சாருக்குத்தான் புரியல போல” என்றேன்.

உன் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. “அவ வாயால ஒரு வார்த்தை கேக்கணும்னு இருந்துச்சு அத்தை. வேற எங்க போயி கேப்பேன்?” என்றார்.

அதற்குள் பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

பஸ் ஏறினோம். சின்னமனூர் தாண்டிய பிறகு கேட்டாள். “அப்ப அம்மா ஒரு தடவ கூட வரலையா, அம்மாச்சி?”

“வரல.”

“பொய்யாவாச்சும் வந்தான்னு சொல்லேன்.”

“அதுக்கு அந்த ஆளே போதுமே. நான் எதுக்குடீ?”

அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அவளுக்கு ஞாயிறுதோறும் ஓர் அம்மா இருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வெறுங்கையோடு கூட்டி வரலாமா? அதனால் தேனி வரும்வரை உன்னைப் பற்றித்தான் சொன்னேன், உள்ளபடி. நீ கரண்டியை வீசியதில் தகரக் கூரை நெளிந்தது. வேர்க்கடலையை முந்தியில் ஒளித்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் தின்றது. அழுகின பழத்தையெல்லாம் பொறுக்கி, அதே தட்டில் அடுக்கி, நாத்தனார் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. அங்கே பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கம்மாவா?” என்றாள். ஆமாம், உன் அம்மாதான். ஒளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஒன்று மட்டும் இரவல் வாய் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அவரை நீ மன்னித்திருப்பாயா? எனக்குத் தெரியாது. மன்னித்திருக்க மாட்டாய் என்று சொல்ல என் நாக்கு துடிக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் நானும் இன்னொரு சபாபதிதானே? நான் மன்னிக்கவில்லை. அது என்னோடது. உன் பதிலை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது உன்னிடமே இருக்கட்டும்.

நீ பதில் சொல்ல மாட்டாய் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். அந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் அதுதான் வித்தியாசம்.

போன வாரம் மலர்க்கொடி அடுப்படியில் புத்தகமும் கையுமாக இருந்தாள். திடீரென்று, “அம்மாச்சி, வெள்ளை பொங்குது!” என்று கத்தினாள். எப்போது உன்னிடம் கேட்டு வைத்திருந்தாளோ. பாலை இறக்கிவிட்டு நான் கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். உன் நாத்தனார் இருந்திருந்தால், பார்த்தீர்களா, மதினி வந்துவிட்டாள் என்று சூடம் கொளுத்தியிருப்பாள். பிள்ளைக்குத் தாய் பேச்சு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு வேண்டாம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகள் டீச்சராகும்வரை இந்த வீட்டு வாசலில் சம்பந்தம் பேச யாரும் ஏற முடியாது. நான் இருக்கிறவரை உன் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த வாய் வந்தாலும், வாசலிலேயே நிறுத்தி, பாலுக்கு என்ன பேர் என்று கேட்பேன்.

“அதைத்தான் அச்சுல போட்டுட்டீகளே, இனி எல்லாருக்கும் தெரிஞ்சுரும்ல?” என்று இதுவரை படித்துவிட்டுச் சிரித்தார் அச்சாபீசுக்காரர்.

தெரியட்டும். கேட்பதற்கு, அச்சில் போடாதது என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது.

உன்னைப் பெற்றவள்,
மலர்க்கொடியின் அம்மாச்சி,
வடுகபட்டி.