கடிபட்ட கன்னம்

டிரெஸ்டன், ஏப்ரல் 1946

என் கன்னக்காரனுக்கு,

கைதி முகாமிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சாவி மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுப் பக்கம் போகாதே, அரண்மனைச் சுவருக்கு வா. அத்தனை குண்டு விழுந்த பிறகும் நம் வெட்டின் வம்சத்து அரசர்கள் அந்தச் சுவரின் பீங்கான் சில்லு ஓவியத்தில் குதிரையேறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மகளைத் தூக்கிக்கொண்டு தினமும் அங்கே நிற்கிறேன். அந்த அரசர்களில் 'கடிபட்டவன்' என்று பெயர் வாங்கிய பிரெட்ரிக்கைக் காட்டி அவன் கதையைச் சொல்கிறேன். பிரியும்போது அவனுடைய தாய் அடையாளத்துக்காகக் கன்னத்தைக் கடித்தாளாம். அதை நினைத்துத்தான் ரயில் நிலையத்தில் நானும் உன்னைக் கடித்தேன். "அடிப்பாவி, நான் என்ன ராஜாவாடி?" என்று கத்தினாயே!

நிலவறையில் எங்களோடு படுக்கும் ட்ரூடே நேற்று சிரித்தாள். "ஏண்டி, குதிரைல போற ஆம்பளைங்களயே காட்டிப் புள்ளைய வளக்குறியே, எவனாவது இறங்கி வந்து அப்பனாயிடப் போறான்!"

அவள் சொன்னது பலித்துவிடும் போலிருக்கிறது. உன் மகள் பிரெட்ரிக்கைப் பார்த்து 'அப்பா' என்று கை நீட்டுகிறாள். சீக்கிரம் வா. மறு கன்னத்தைத் தயாராக வைத்துக்கொள். அவளுக்கும் பல் முளைத்துவிட்டது.

உன்னைக் கடித்தவள்