தனியனும் ஜோடியும்

அக்டோபர் 6, திங்கள்

நாற்பதாவது இடமும் முடிந்தது. ஆற்றுப் பாலத்தடியில் தொடங்கி மலைச்சாலையின் கடைசி வளைவு வரை நாற்பது இடங்கள். ஒவ்வொன்றிலும் கம்பி நட்டுக் கயிறு கட்டிய ஒரு சதுரம். உள்ளே என்னென்ன புல் முளைத்திருக்கிறது என்று உட்கார்ந்து எண்ண வேண்டும். மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. முதுகு என் பேச்சைக் கேட்பதில்லை.

முக்கியமாகத் தேடுவது இரண்டு புல்லை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், விதையில் முள் இருக்கும். அறிவியல் பெயர் வாயில் நுழையவில்லை என்று எங்கள் ஜீப் டிரைவர் அண்ணன் தானே பெயர் வைத்துவிட்டார். தன் மகரந்தத்தாலேயே விதை கட்டிக்கொள்வது தனியன். இன்னொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் விதை என்பது ஜோடி. முதல் வருடம் இரண்டும் ஆற்றோரத்து ஏழு இடங்களில் மட்டும் இருந்தன. ஜோடி இன்றும் அதே ஏழுதான். தனியன் முப்பத்தொன்று.

அக்டோபர் 8, புதன்

ஆய்வகத் தலைவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"துணை வேண்டாத புல் எவ்வளவு தூரம் போகும்னு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள அறிக்கையை முடி. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி இதை வச்சுத்தான் பேசப் போறேன்."

ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். அறைக்குள் அடக்கமாகத் தலையாட்டினேன். வெளியே வந்து மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கினேன்.

அக்டோபர் 9, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். "கையில காகிதம் வரட்டும், அப்புறம் குதிக்கலாம்" என்றாள். இவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் பார்.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா பின்பக்கத்திலிருந்து கத்தினாள். "ஊர்ப் புல்லையெல்லாம் எண்ணிட்டு வர்றியே, நம்ம வீட்டுப் புல்லை யார் பார்க்கிறது? தண்ணி போற வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது."

துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் ஓரம் முழுக்க வரிசையாகப் புல். பிடுங்கக் கை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தனியன்.

அந்தச் சாலைக்கும் இந்த வீட்டுக்கும் எண்பது கிலோமீட்டர். இங்கே எப்படி —

கல்லின் மேல் என் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

ஜீப்பின் கால்மிதிகளை வெள்ளைத் தாளின் மேல் உதறினோம். இருநூற்றுப் பன்னிரண்டு விதை. தனியன் நூற்றுப்பத்து, ஜோடி நூற்றிரண்டு.

"ஏம்மா, அப்போ மூணு வருஷமா நாமதான் ஏத்திட்டுப் போய் இறக்கி விட்டோமா?" என்றார் டிரைவர் அண்ணன். விதைகளைத் தாளோடு மடித்தேன். "டிக்கெட்டே எடுக்காம வந்திருக்குதுங்க" என்றார். சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தான் போனோம். ஆற்றோரத்தில் விதை உதிரும் காலத்தில் தொடங்கி, அதே காலணியோடு மேலே. கயிற்றுக்கு உள்ளே உட்கார்ந்துதான் எண்ண வேண்டும், வெளியே நின்று எட்டிப் பார்க்கக் கூடாது என்று விதி போட்டதும் நான்தான்.

அக்டோபர் 15, புதன்

மலைச்சாலையில் ஐந்து இடங்களுக்குத் திரும்பப் போனேன், காலணியைத் துலக்கிக்கொண்டு. கயிற்றுக்கு வெளியே ஐம்பது அடி வரை சுற்றித் தேடினேன். ஒரு தனியன்கூட இல்லை. எல்லாம் கயிற்றுக்கு உள்ளே, நான் வழக்கமாக உட்காரும் மூலையில்.

யாருக்குத் தெரியப் போகுது? வரைபடம் பொய்யில்ல, புல்லு அங்கதான இருக்கு. நான் எண்ணினது சரிதான. வாயை மூடிட்டு இருந்தா வேலை. தொறந்தா — ஆறு வருஷம் போச்சு. ஏன் அந்தக் கல்லுப் பக்கம் போனேன்?

அக்டோபர் 16, வியாழன்

அக்கா கேட்டாள், சொன்னேன். அழுதேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"நீ சொல்லாம விட்டா அந்த மூஞ்சியை தினமும் நான்தான பார்க்கணும்" என்றாள். "நாளைக்கே சொல்லிடு."

அக்டோபர் 17, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. "மூணு வருஷம்" என்றார். பிறகு, "அந்தப் பேச்சை இப்போ எடுக்க முடியாதும்மா. வரைபடத்தை எடுத்துட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 20, திங்கள்

தவறை விளக்கி எழுதுவதற்காகப் பழைய களக் குறிப்பேடுகளை எல்லாம் எடுத்தேன். 'இதர' என்ற கட்டத்தில் என் கையெழுத்து: ஜோடி, ஒற்றைச் செடி, பூ உண்டு, பதர். புரட்டினால் இன்னொன்று. ஒற்றைச் செடி, பதர். மொத்தம் பதினொரு இடம்.

மணி பிடிக்காத செடியைப் பரவியதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி போட்டிருந்தேன். அதனால் வரைபடத்தில் வரவில்லை. அப்படியென்றால் ஜோடியும் அதே சாக்ஸில், அதே ஜீப்பில் மேலே போயிருக்கிறது. முளைத்து, பூத்து, அக்கம்பக்கத்தில் இன்னொரு செடி இல்லாமல் வெறும் பதராகவே உதிர்ந்திருக்கிறது. தனியன் போன இருபத்துநான்கு இடத்திலும் மணி.

இருபத்திரண்டாம் இடத்தில் மட்டும் ஜோடி இரண்டு செடி, ஒரு சாண் இடைவெளியில். அங்கே இரண்டிலும் மணி என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். மடச்சி. பதிலுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

விதையைச் சுமந்து போனது நாங்கள். இரண்டையும் ஏறக்குறைய சமமாகத்தான் சுமந்தோம். போன இடத்தில் குடும்பம் நடத்தியது எது என்பதுதானே ஆரம்பத்திலிருந்தே கேள்வி?

அக்டோபர் 31, வெள்ளி

அறிக்கை கொடுத்தாயிற்று. 'பரவும் வழி' என்ற இடத்தில் 'ஆய்வாளரின் சாக்ஸ்' என்று எழுதியிருந்தேன். மேடம் சாக்ஸை அடித்து 'காலுறை' என்று திருத்தினார். வேறு எதையும் அடிக்கவில்லை. பதர் பற்றிய பக்கத்தைக் கண்ணாடி இல்லாமல் இரண்டு முறை படித்தார்.

நவம்பர் 14, வெள்ளி

நாங்கள் கொண்டுபோய் விட்டதை நாங்களே பிடுங்குகிறோம். இந்த முறை நாற்பதிலிருந்து கீழ்நோக்கி. ஒவ்வோர் இடத்திலும் ஜீப்பில் ஏறுமுன் காலணிக்கு பிரஷ். டிரைவர் அண்ணன் என்னைவிடக் கண்டிப்பு.

இருபத்திரண்டாம் இடத்தில் அந்த இரண்டு செடியையும் கடைசியாகப் பிடுங்கினேன். மனசு கேட்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

காகிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, இன்னும் ஒரு வருட ஒப்பந்தம். வேலை விவரத்தில் மேடம் தன் கையால் சேர்த்திருக்கிறார்: 'இரு புற்களையும் ஒற்றையாகவும் இரண்டாகவும் நட்டு ஒப்பிடுதல். வேலியிட்ட வளாகத்துக்குள் மட்டும்.' கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு.

அக்கா படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்தாள். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். போன அக்டோபரில் பிடுங்கும்போது கல்லுக்கு அடியில் ஒரு தனியனை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதைச் சுற்றி இப்போது பதினேழு. பிடுங்குமுன் எண்ணினேன்.