மோதிய மேகங்களும் ஒரு இருமலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இப்போதுதான் கணினியை மூடினேன். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. விண்வெளியில் இரண்டு வாயு மேகங்கள் மோதி, வாயு இறுகி, அங்கே புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று எங்கள் பேராசிரியர் குதித்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி இருந்தாலும் இங்கேருந்து ஒட்டின மாதிரிதானே சார் தெரியும்?"

"உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்மா!"

நிஜமாகவே மோதியிருந்தால், இரண்டின் வேகத்துக்கும் இடைப்பட்ட வேகத்தில் நடுவே கொஞ்சம் வாயு ஓட வேண்டும். தொலைநோக்கிப் பதிவுகளில் தேடினேன். இருந்தது. தோற்றதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அதே புத்தியோடு கேட்கிறேன், கோபிக்காதே. நேற்று போனில் நீயும் உன் மாப்பிள்ளையும் மாறி மாறி, சொல்லிவைத்தாற்போல், "பாப்பா தூங்கறா, ஒண்ணுமில்ல" என்றீர்கள். நடுவில் ஒரு இருமல் கேட்டதே, அது யார்? உங்கள் இரண்டு பேர் இருமலும் எனக்குத் தெரியும்.

என் பெண்ணுடைய நீலக் கம்பளிச் சட்டை பீரோவில் அடித்தட்டில் இருக்கிறது, போட்டுவிடு. டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னதை மறைக்காமல் எழுது. சீக்கிரம் பதில் போடு அம்மா.

உன் மகள்