உன் காலி வரிகளும் அவன் அழகுப் பொத்தானும்

இன்று காலை உன் மேசையில் ஒருவன் விளக்கு எரியும் கீபோர்டைக் கொண்டுவந்து வைத்தான். தட்டத் தட்டச் சிவப்பு, பச்சை, ஊதா என்று மினுக்குகிறது. நீ இருந்திருந்தால், "தீபத்துக்கு சீரியல் லைட்டு கட்ட வந்தவராடி இவரு?" என்று என் காதில் கேட்டிருப்பாய். எனக்கு அவனைவிட உன் மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போக உனக்கு வேறு வேளையே கிடைக்கவில்லையா?

ஆள் பெங்களூர் ஆலோசகன், நம் வயதுதான். லாட்ஜ் புரோகிராமில் பௌர்ணமி கிரிவலத்துக்கு அறை பதிவு செய்யும் பகுதியை நீ பாதியில் விட்டுப் போனாயே, அதை முடிக்க எனக்குத் துணையாக முதலாளி அனுப்பியிருக்கிறார். புரோகிராம் எழுத எந்த எடிட்டர் போடலாம், அதற்கு என்ன நிறம், எழுத்து எந்த வடிவம் என்று மதியச் சாப்பாடு வரை தேடினான் மகராசன். கல்யாணப் புடவை எடுப்பவர்கள்கூட அவ்வளவு புரட்ட மாட்டார்கள். ஒரு வரி எழுதவில்லை.

வேங்கிக்காலில் இந்த மாடி அறையை நாம் இருவரும் வாடகைக்குப் பிடித்த நாளிலிருந்தே நமக்குள் இந்தச் சண்டைதான். எல்லா வசதியும் உள்ள என் எடிட்டரைப் பார்த்து, "இது எடிட்டராடி? தேர் அலங்காரம்," என்பாய். உன்னுடையது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும். தப்பாக எழுதினால் சொல்லக்கூடத் தெரியாத ஜடம். "புரோகிராம் எழுதறியா, கல்வெட்டு வெட்டறியா?" என்பேன். "தப்பைப் பாக்க எனக்குக் கண்ணு இருக்குது. உனக்குத்தான் கம்மி." கீமோ ஏறிக்கொண்டிருந்த மாதங்களில்கூட அந்த வாய் அடங்கவில்லை.

உன் காலி வரிகளைக் கண்டாலே எனக்கு எரியும். டீ குடிக்க எழுந்தால் எண்டரைத் தட்டித் தட்டி ஓர் இடைவெளி விட்டுப் போவாய்; திரும்பி வந்தால் இடம் தெரிய வேண்டுமாம். வந்து அழிக்கவும் மாட்டாய், சோம்பேறி. உன் கடைசிக் கோப்பின் முடிவில் நாலு வரிக்கு ஓர் இடைவெளி. அதெல்லாம் டீக்கு அல்ல, முடியாமல் பாயில் போய்ப் படுத்தாயே, அதற்கு.

சாப்பிட்டு வந்தவன் அந்தக் கோப்பைத்தான் திறந்தான்.

"யாரு மேடம் இது, இவ்ளோ அசிங்கமா எழுதி வெச்சிருக்கறது?"

கேட்டுக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினான். அவன் எடிட்டர் வரிகளையெல்லாம் நெருக்கி அழகாக அடுக்கிவிட்டது. நீ படுத்து எழுந்த இடம் ஒன்றுகூட இல்லை.

"பழையபடி ஆக்குங்க."

"இப்பத்தான் மேடம் நீட்டா இருக்குது..."

"நீட்டை உங்க வீட்ல வெச்சுக்குங்க. இன்னொரு தடவ இதுல கை வெச்சீங்க, உங்க கீபோர்டை மாடியிலேர்ந்து தூக்கிப் போட்டுடுவேன்."

"ஓகே மேடம்," என்று பழையபடி ஆக்கிக் கொடுத்தான். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. இதே சொல்லை உன்னிடம் சொல்லியிருந்தால், "எங்கே, போடு பாக்கலாம்!" என்று இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றிருப்பாய். திட்டினால் திருப்பித் திட்டக்கூட வக்கில்லாதவனோடு என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டாயே, பாவி.

மீதியை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன், என் எடிட்டரில்தான். அடுக்கும் வசதியை மட்டும் அணைத்துவிட்டேன். உன் எடிட்டர் மட்டம்தான், அதில் எந்த மாற்றமும் இல்லை. சற்றுமுன் அதை வாய்விட்டே சொல்லிவிட்டு, உன் பதிலுக்காக மேசைப் பக்கம் திரும்பினேன்.

"ஓகே மேடம்," என்றான் அவன்.