போனை அணைத்த நாற்பது நாள்

டாக்குரியா, கொல்கத்தா

அன்புள்ள அத்தானுக்கு ஸ்தோத்திரம். நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நானும் சுகம்தான்.

எளிமையாக வாழவும் ஜெபத்தில் மனம் நிற்கவும் வேண்டும் என்று லெந்து தவக்காலத்தின் நாற்பது நாளும் போனை அணைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். பயப்பட ஒன்றுமில்லை. போன செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்ததில் இடது தோள் மூட்டு விலகிவிட்டது. பக்கத்து வீட்டு சுதபா பௌதிதான் (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உங்கள் நம்பரை ஒன்பது தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டாள்.

"ஜெபத்தில் இருக்கிறார்" என்றேன்.

"இவ்வளவு நேரமா?" என்றாள்.

ஊரில் நம் பீரோவில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு இருக்கும், பார்சலில் அனுப்புங்கள். ஒரு கையால் தலைவழியாக மாட்ட முடியவில்லை. பின்னிவிட ஆளில்லாததால் முடியையும் வெட்டிக்கொண்டேன்.

ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போனை அணைத்ததிலிருந்து மனசு லேசாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொன்னீர்களாம், உங்கள் தங்கை சொன்னாள். அந்த போனில் தினமும் உங்களைக் கூப்பிட்டது நான் ஒருத்திதான். இறக்கிவைத்த பாரம் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பியூலா