தேனீக்களுக்குச் சொல்லாத செய்தி

கெர்னெவெஸ்,
4 மார்ச் 1917

அன்பு மகன் குல்வெனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கலப்பை பிடித்த கைக்குப் பேனா அடங்கமாட்டேன் என்கிறது. ஆனாலும் இது என் கை! குளிர்காலம் முழுக்கப் பாதிரியார் சொல்லிக்கொடுத்தார். "அலான், நீங்க ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும்" என்று கேலி செய்கிறார். முடியட்டுமே.

உன் மனைவி சோவாஸ் நலம். நீ எழுதுவதில்லை என்று அவளுக்குக் குறை, எனக்கும்தான். நம் தேனீக்கள் குடியிருக்கும் கூடைகள் மூன்றும் குளிரைத் தாண்டிவிட்டன.

உன் அப்பா,
அலான்


போர்முனை,
25 மார்ச்

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் கூட இருப்பவர்களுக்கெல்லாம் காட்டினேன். இங்கே எங்கும் சேறு. ஆப்பிள் பூத்ததும் எழுதுங்கள். வீட்டுச் செய்தி எதையும் தேனீக்களிடம் சொல்லாமல் விடாதீர்கள், கோபித்துக்கொண்டு போய்விடும். என் கல்யாணத்தை அவற்றிடம் சொல்லிக் கூடைகளில் சிவப்புத் துணி கட்டினீர்களே, அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

குல்வென்


கெர்னெவெஸ்,
20 மே

குல்வென்,

ஆப்பிள் பூத்துவிட்டது.

வியாழக்கிழமை மேயர், சாவுச் செய்தி கொண்டுவரும்போது போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நம் சந்துக்குள் வந்தார். பார்த்ததுமே சோவாஸ் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். படையிலிருந்து வந்த தாளைப் பிரித்து, உன்னைக் காணவில்லை என்று வாசித்தார். அவ்வளவுதான் வாசித்தார்.

அவர் போனதும் அவள் தன் கறுப்பு மேலாடையைக் கிழித்தாள். "மாமா, கூடையில கறுப்புத் துணி கட்டிச் சாவைச் சொல்லலேன்னா தேனீங்க ஒண்ணுகூடத் தங்காது."

"காணலைன்னுதானே சொன்னாரு? செத்துட்டான்னு சொன்னாரா?"

துணியைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டினேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கூழை வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள். அவளிடம் காட்ட ஒரே ஒரு வரி எழுது.

அப்பா


கெர்னெவெஸ்,
17 ஜூன்

குல்வென்,

உன் வரி வரவில்லை.

முதல் கூடை ஓய்ந்தது. பலகையில் செத்த தேனீக்களை வாரிக் கொட்டினேன். நோய் என்று சொல்லிக்கொண்டேன். நேற்று இரண்டாவதில் காதை வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை பெட்டியைத் திறந்து கறுப்புத் துணியை எடுத்தேன். சோவாஸ் வாசலில் நின்று பார்த்தாள். மிச்சக் கூடையில் உன் கல்யாணத்துச் சிவப்புத் துணி வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. அதை அவிழ்க்க மனம் வரவில்லை, அதன்மேலேயே கட்டினேன். குனிந்து உன் பெயரைச் சொன்னேன். உள்ளே இரைச்சல் நின்று, பிறகு மெல்ல எழுந்தது.

"சாப்பிட வாங்க, மாமா" என்றாள்.

இதை யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பாதிரியார் கேட்டார். கை இன்னும் திருந்தவில்லை, பழக வேண்டும் என்றேன். அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அப்பா,
அலான்