மூன்று நாள் தவணை

காயல்பட்டினம்
திங்கள், அஸர் தொழுகைக்குப் பின்

அன்புள்ள ஸதக் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமி சுகம். மூட்டுவலி மட்டும் இருக்கிறது. பிள்ளை ஹஃப்ஸாவுக்குச் சளி விட்டுவிட்டது. நான் போன வாரத்திலிருந்து மறுபடியும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறேன். மூன்றாவது கிரேனில் ஹைட்ராலிக் பம்ப் மாற்றுகிறோம். கை தானாக வேலை செய்கிறது.

வியாழக்கிழமை நீங்கள் ஊருக்கு வருவதாக மாமி சொன்னார்கள். "அந்த ஆட்டோக்காரன ஒரு கை பாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள கால் வைப்பேன்" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் சத்தம் போடுவீர்கள், அப்புறம் எனக்கு நாக்கு எழும்பாது. தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

அந்த ஆட்டோக்கார ரெக்சன் மேல் ஊர் சொல்லும் குற்றம் ஒன்றுதான். உங்கள் தங்கை ருகையா வயிற்றுவலியில் துடிக்கும்போது, பக்கத்திலிருக்கும் திருச்செந்தூருக்குப் போகாமல் தூத்துக்குடிப் பக்கம் வண்டியை விட்டான். முக்காணிப் பாலம் தாண்டுவதற்குள் அவள் மூச்சு நின்று மவுத்தாகிவிட்டாள். நம் தெரு ஆட்கள் அவனை அடித்தார்கள், ஆட்டோ கண்ணாடியை உடைத்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். நாற்பது நாளாகத் தெரியும்.

எனக்குக் கோபம் அதிகம். கல்யாணமான புதிதில் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்திருக்கிறேன்; அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். மறுநாள் சுவரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நின்னா உக்காருங்க, உக்காந்தா படுங்க, ஒளு செய்ங்க, வாய மூடிக்கிடுங்க. நான் சொல்லல, நபி சொன்னது." அதைப் பிடித்துக்கொண்டேன். துறைமுகத்தில்கூடக் கோபம் வந்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஃபோர்மேன் ஜேசுபாதம் அண்ணாச்சி கத்துவார்: "ஏலே, பாய் உக்காந்துட்டாரு, எல்லாவனும் தள்ளி நில்லுங்கல!"

அவள் மவுத்தானதற்கு முந்தின நாள் எங்களுக்குள் ஒரு சண்டை. நம்மூர் வழக்கப்படி ஐந்து வருடம் உங்கள் வீட்டில் மாப்பிள்ளையாக இருந்துவிட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனியாகப் போகலாம் என்று, அவளைக் கேட்காமலே வீடு பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டேன். அவள் சிரித்தாள். "எங்க உம்மாவ உட்டுட்டு அங்கன வந்து கெடக்க, நா என்ன கன்டெய்னரா?" என்றாள்.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. உட்கார்ந்தேன். கை, முகம், கால் கழுவி ஒளு செய்தேன். வாயை மூடினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், மச்சான். பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தூத்துக்குடியில் கூட்டாளி அறைக்குப் போய்விட்டேன். அவள் அனுப்பிய மெசேஜ்களைப் பார்த்தேன், பதில் போடவில்லை.

ஒருவரோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்று நபி சொன்னதும் எனக்குத் தெரியும். அதனால் எனக்கு மூன்று நாள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எல்லையாகச் சொன்னதைத் தவணையாக வைத்துக்கொண்டேன். கோபத்தை அடக்கிவிட்டதாகப் பெருமைகூட இருந்தது. அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜுக்குப் போகிற வால்வை மூடினால் முள் பூஜ்யத்தில் நிற்கும், லைனில் பிரஷர் அப்படியேதான் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயமே அதுதான்.

மறுநாள் மாமியும் ஹஃப்ஸாவும் மேலப்பாளையம் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதியம் நான் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். போனைக் கவிழ்த்து வைத்தேன். அண்ணாச்சி, "வீட்டுல இருந்து அடிக்காவ பாய், எடுங்க" என்றார். "நாளைக்குப் பேசிக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

அவள் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். "கோவம் இருந்தா இருக்கட்டும், போன மட்டும் எடுங்க. ஒண்ணு சொல்லணும். வயிறு ரொம்ப வலிக்கி." கரு குழாயில் தங்கி வெடித்திருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். சொல்ல நினைத்தது அந்தக் கருவைப் பற்றித்தான். என்னிடம் சொல்வதற்கு முன் வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று பக்கத்து வீட்டுக் கதவைக்கூட அவள் தட்டவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ரெக்சன் பள்ளிவாசலுக்கு வெளியே எனக்காக நின்றுகொண்டிருந்தான். "நான் திருச்செந்தூருக்குத்தான் வண்டியத் திருப்புனேன் அண்ணாச்சி. அக்காதான் விடல. 'எங்க மாப்பிள்ளை போன எடுக்க மாட்டேங்காஹ, அவுஹ இருக்க எடத்துக்கே கொண்டு போ தம்பி'ன்னு சொன்னாவ. வெளிய சொன்னா உங்களத்தான ஏசுவாவ, அதான் சொல்லல" என்றான். நான் சரி என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன். மூன்று நாள் கழித்துத் தெரு ஆட்கள் அவனை அடித்தபோது நான் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். மக்ரிபு தொழுகை முடிந்ததும் மாமியிடம் சொல்லப்போகிறேன். நாளைக்கு ரெக்சன் வீட்டுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், அவனை அடித்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது பள்ளிவாசலில் எழுந்து சொல்வேன். அதற்குப் பிறகு நான் இந்த வீட்டில் இருக்கலாமா என்பதை நீங்களும் மாமியும் முடிவு செய்யுங்கள். ஹஃப்ஸா மாமியிடமே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை பார்க்க விட்டால் போதும். இன்றைக்கும் மாமி எனக்குச் சோறு எடுத்து மூடி வைத்திருக்கிறார்கள். இன்னும் தொடவில்லை.

மச்சான், இதை நின்றுகொண்டு வாசித்தால் உட்காருங்கள். உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் படுங்கள். ஒளு செய்துகொள்ளுங்கள். பிறகு என்னை ஏசுங்கள், அடிக்க வேண்டுமென்றால் வந்து அடியுங்கள். ரெக்சனை விட்டுவிடுங்கள். என்னிடம் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்கட்டும். அவள் அடங்கியிருக்கும் கபுரை விசாலமாக்கட்டும். எனக்காகத் துஆ கேட்க உங்களிடம் சொல்ல எனக்கு முகமில்லை.

போனை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். முதல் மணியிலேயே எடுப்பேன்.

உங்கள் தங்கை மாப்பிள்ளை,
உவைஸ்